யா கொமியோ?

(நோத்ர-டாம்-த-கிரேஸ் சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

வீட்டுக்கு ஆர் வந்தாலும் நாங்கள் முதலில் கேட்பது "சாப்பிட்டீங்களோ?" என்றுதான். எங்கட அயலில் இருக்கிற ஸ்பானிஷ் பேசுகிற சனத்திடமும் அதையே அவர்களின் மொழியில் கேட்கப் பழகுவோம் என்பதுதான் இன்றைய என் பேச்சு.

எல் சல்வடோரில் 1980 தொடங்கி 1992 வரை யுத்தம். குவாத்தமாலாவில் 1960 இலிருந்து 1996 வரை. சிலியில் 1973 இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1983க்குப் பிறகு நாங்கள் ஓடிவந்து சேர்ந்த இதே மொன்றியலுக்குத்தான் அந்த நாட்டுச் சனமும் தப்பி வந்தது. அவர்களிடம் எடுத்தவுடன் "ஊரில ஆர் இருக்கினம்?" என்று கேட்டால், சிலவேளை அது ஆறாத புண்ணைத் தொட்டதாகிவிடும். அந்த நோவு எங்களுக்கும் தெரியும். சாப்பாட்டைக் கேட்டுக் கதையைத் தொடங்குவது நல்லது.

"யா கொமியோ?" என்றால் "சாப்பிட்டுட்டீங்களோ?" பெரியவர்களிடம் இப்படி. பிள்ளைகளிடம் "யா கொமிஸ்தே?" எங்களைப் போல அவர்களுக்கும் நீ, நீங்கள் உண்டு. "கே கொமியோ ஓய்?" என்றால் "இண்டைக்கு என்ன சாப்பிட்டீங்கள்?" காலைச் சாப்பாடு தெசாயுனோ. நோன்பை முறிப்பது என்பதே அதன் பொருள். எங்கட பாறணை மாதிரி. மத்தியானம் அல்முவேர்சோ, இரவு சேனா. மெக்சிக்கோச் சனமோ இரண்டு, மூன்று மணிக்குச் சாப்பிடும் பெரிய சாப்பாட்டைக் கொமிதா என்பினம். ஒருவர் சாப்பிடக் கண்டால் "புரொவெச்சோ" என்று வாழ்த்திப் போவது அவர்களின் பண்பு.

மறுமொழியாக அரோஸ் என்றால் சோறு. பிரிஹோலெஸ் என்றால் பீன்ஸ் கொட்டை. தொர்தியா சோள ரொட்டி. யூக்கா எங்கட மரவள்ளி. மரவள்ளியும் மிளகாயும் சோளமும் எங்கட அடுப்படிக்கு வந்ததே அவர்களின் கண்டத்தில இருந்துதான். சொற்களிலும் உறவு உண்டு. 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்த போர்த்துக்கீசர் எங்களுக்கு விட்டுப்போன பாண், மேசை, சப்பாத்து என்பவை ஸ்பானிஷில் பான், மேசா, சப்பாத்தோ!

விரதகாரருக்கு ஒரு சொல். "கார்னே வேண்டாம்" என்றால் மட்டும் போதாது. கார்னே என்றால் பலருக்கு மாட்டிறைச்சிதான். கோழியைப் போயோ என்று வேறாகச் சொல்லுவினம். பிரிஹோலெஸைப் பன்றிக் கொழுப்பில பொரிக்கிற வழக்கமும் உண்டு. "தியேனே மந்தேகா தே சேர்தோ?", அதாவது "பன்றிக் கொழுப்புச் சேர்ந்திருக்கோ?" என்று கேளுங்கோ. கேட்டால் ஒருவரும் குறை நினைக்கமாட்டினம்.

பள்ளிக்கூடத்தில ஸ்பானிஷ் படிக்கிற பிள்ளைகளே, இந்த நாலைந்து வசனத்தையும் அம்மம்மா, அப்பப்பாவுக்குச் சொல்லிக் குடுங்கோ. பகல் முழுக்க வீட்டில தனிய இருக்கிற அவைக்குத்தான் கதைக்க ஒரு அயல் வேணும். இந்த வருடம் பலகாரத் தட்டில ஒன்று அந்த வீட்டுக்கும் போகட்டும்.