சிடியைக் கீறிப் போட்டா டேட்டா போயிடுமா?

வல்லம் வடகால் சிப்காட்ல, பெண் தொழிலாளர்கள் 18,720 பேர் தங்குற மாதிரி ஒரு குடியிருப்பை 2024 ஆகஸ்ட்ல திறந்தாங்க. இவ்வளவு பேர் வேலைக்குச் சேர்ற ஒரு ஏரியாவுல ஆதார் நகல், பேங்க் பாஸ்புக், மெடிக்கல் ரிப்போர்ட்னு எவ்வளவு சேரும்னு யோசிச்சுப் பாருங்க. எந்த ஆபீஸா இருந்தாலும் பழைய அலமாரியைத் திறந்தா நாலு பேக்கப் டிவிடி கிடைக்கும். ஸ்கேன் சென்டர்ல தர்ற சிடியில படத்தோட நம்ம பேரு, வயசும் சேர்ந்தே இருக்கும். இதெல்லாம் காயலான் கடைக்குப் போறதுக்கு முன்னாடி என்ன பண்றோம்? ஆணியால ரெண்டு கீறல். அவ்வளவுதான்.

அது ஏன் பத்தாது? சிடி 1.2 மில்லிமீட்டர் தடிமன். பளபளன்னு தெரியுற பக்கம் முழுக்க வெறும் பிளாஸ்டிக். அங்க விழுற கீறலை பாலிஷ் பண்ணியே எடுத்துடலாம். டேட்டா இருக்கிற மெல்லிய உலோகப் படலம் லேபிளுக்கு அடியில இருக்கு. டிவிடியில அது ரெண்டு தகடுக்கு நடுவுல. ப்ளூ-ரேயில மட்டும் பளபள பக்கத்துல இருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்துல.

சரி, ஒடிச்சுப் போட்டா? 4.7 ஜிபி டிவிடியைக் கணக்குப் போட்டுப் பார்த்தா, ஒரு சதுர சென்டிமீட்டர்ல, அதாவது நம்ம விரல் நகம் அளவுல, சுமார் 50 எம்பி இருக்கும். ஒரு ஆதார் ஸ்கேன் அரை எம்பின்னு வச்சாலும் நூறு பேரோடது! உடைஞ்ச துண்டு வீட்டு டிரைவ்ல ஓடாதுதான். ஆனா அதுல இருக்கிற பதிவு அழியலையே. அதனாலதான் அமெரிக்காவோட நிஸ்ட் அமைப்பு 2014 வழிகாட்டுதல்ல, துண்டு அரை மில்லிமீட்டருக்கு மேல இருக்கக் கூடாதுன்னு சொல்லுச்சு.

வீட்டுல சிடின்னா, மாஸ்க் போட்டுக்கிட்டு லேபிள் பக்கத்தை உப்புத்தாளால தேய்ங்க. வெளிச்சத்துல பிடிச்சா கண்ணாடி மாதிரி தெரியணும். டிவிடிக்கு இது வேலைக்கு ஆகாது, பொடியாக்கணும். எரிக்க மட்டும் வேணாம், அந்தப் புகை ஆகாது.

கம்பெனின்னா, தேவை முடிஞ்ச தனிநபர் டேட்டாவை அழிக்கணும்னு 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமே சொல்லுது. ஸ்கிராப்ல எடை போட்டுத் தராதீங்க. எண்ணித் தாங்க, உங்க கண் முன்னாடி அரைக்கச் சொல்லுங்க, சர்டிஃபிகேட் வாங்குங்க. அந்த டிஸ்க்ல இருக்கிற பேரு வேற யாரோடதோ. அவங்களுக்கு இது தெரியவே தெரியாது.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!