முதலில் பம்பரின் விலையைக் கேளுங்கள்

யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் கார் வைத்திருப்பவர்களுக்கும், ஒன்று வாங்கலாமென்று பணம் சேர்த்துவருபவர்களுக்கும் இன்றைய உரை.

யாழ்ப்பாணத்து வீதிகளில் இன்றைக்கும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜையும் மொறிஸ் மைனரையும் காணலாம். மொறிஸ் மைனர் 1948இல் சந்தைக்கு வந்த வண்டி. 1990க்குப் பிறகு குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்ட காலத்தில் இந்தப் பழைய வண்டிகள்தாம் கைகொடுத்தன. சிறு போத்தல் ஒன்றில் கொஞ்சம் பெற்றோல்; அதிலிருந்து காபரேற்றருக்கு மெல்லிய குழாய். பெற்றோலில் என்ஜினைக் கிளப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். கார் ஒழுங்கை முனையைத் திரும்பிப் போய் வெகுநேரமான பின்னும் அந்த வாடை நிற்கும்.

அந்த வண்டிகள் தாக்குப்பிடித்ததற்குப் பெரிய இரகசியம் ஒன்றுமில்லை. மட்காட் நெளிந்தால் தட்டி நிமிர்த்த ஊரிலேயே ஆள் இருந்தார். உள்ளே ஏதும் தேய்ந்தால் லேத்தில் கடைந்து போட முடிந்தது. பழுது பார்ப்பது மலிவு, ஆகவே வண்டி நிலைத்தது. ஒரு காரின் காப்புறுதிச் செலவைத் தீர்மானிப்பதிலும் இதே விடயத்துக்குப் பங்கு உண்டு.

புங்குடுதீவிலும் நயினாதீவிலும் பிறந்து லண்டனில் குடியேறியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பிரித்தானியாவில் கார்களை ஒன்றிலிருந்து ஐம்பது வரை காப்புறுதித் தொகுதிகளாகப் பிரித்து வைத்திருந்தார்கள். சிறிய ஹியுண்டாய் ஐ10 கீழ்த் தொகுதிகளில் நிற்கும். வேகக் கார்கள் ஐம்பதை எட்டும். அந்த எண்ணை வகுக்கும்போது காரின் விலை, வேகம், பாதுகாப்பு ஆகியவற்றோடு, உதிரிப்பாகம் என்ன விலை, அதை மாற்ற எத்தனை மணித்தியாலம் ஆகும் என்பதும் கணக்கில் வரும். 2024இலிருந்து அங்கே அந்த முறைக்குப் பதிலாகப் புதிய மதிப்பீட்டு முறை படிப்படியாக வருகிறது. ஜேர்மனியில் ஒவ்வொரு கார் வகையும் முந்திய ஆண்டுகளில் உண்மையாக எவ்வளவு இழப்பை உண்டாக்கியது என்று பார்த்து, ஆண்டுதோறும் வகுப்பை மாற்றுகிறார்கள். அங்குள்ளவர்கள் கார் வாங்க முன்னரே அந்த எண்ணைப் பார்த்துவிடுகிறார்கள். இங்கே பெரும்பாலானோர் காரை வாங்கி வீட்டு முற்றத்தில் நிறுத்திய பிறகுதான் காப்புறுதியைப் பற்றி விசாரிக்கிறார்கள். அப்போது பேரம்பேசச் சொற்ப இடமே மிஞ்சும்.

இலங்கையின் 1951ஆம் ஆண்டு 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். அது இல்லாமல் வேலணையிலோ ஊர்காவற்றுறையிலோ பிரதேச செயலகத்துக்குப் போனால் ஆண்டு வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. புகைப் பரிசோதனைச் சான்றிதழும் கூடவே வேண்டும். ஆனால் மூன்றாம் தரப்பு என்ற பெயரே சொல்வதுபோல, அது மற்றவருக்கு நேர்ந்த பாதிப்புக்கானது. சொந்தக் கார் நொறுங்கினால் அதிலிருந்து ஒரு சதமும் வராது. சொந்த வண்டிக்கும் வேண்டுமென்றால் முழுக் காப்புறுதி எடுக்கவேண்டும். லீசிங்கில் வாங்கியவருக்குத் தெரிவே இல்லை. கடன் தந்த நிறுவனம் முழுக் காப்புறுதியைக் கேட்கும். மிகப் பழைய வண்டிக்கு முழுக் காப்புறுதி தர நிறுவனங்கள் தயங்குவதும் உண்டு. அதனால் ஐந்து இலட்சம் மலிவென்று பழைய வண்டியை எடுப்பவர், அதற்கு எந்தக் காப்புறுதி கிடைக்கும் என்பதை விற்பவருக்கு முற்பணம் கொடுக்க முன்னரே கேட்டறிவது நல்லது.

முழுக் காப்புறுதியின் கட்டுப்பணம் முதன்மையாகக் காரின் சந்தைப் பெறுமதியைப் பின்பற்றும். ஆகவே சுசுகி அல்ரோ போன்ற சிறிய கார் தொடக்கத்திலேயே முன்னுக்கு நிற்கிறது. அதற்கடுத்ததாகத் தீவகத்துக்காரர் பார்க்கவேண்டியது காரின் முகத்தை. ஏன் முகம்? இரவில் வேலணை வீதியிலோ புங்குடுதீவு வீதியிலோ ஓட்டியவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. கட்டாக்காலி மாடுகள். வெளிச்சம் குறைந்த இடத்தில், தார் வீதியின் சூட்டுக்குப் படுத்திருக்கும் கறுத்த மாடு, காரின் லைற் அதன் மேல் விழும்வரை கண்ணுக்குத் தெரியாது. மோதினால் உடைவது பம்பர், கிறில், ஹெட்லைற், அதன் பின்னாலிருக்கும் றேடியேற்றர். உயிர் தப்பியது பெரிய காரியம், மாடும் பாவம். அடுத்த நாள் கடையில் கேட்கும் விலையில்தான் கார்களுக்கிடையிலான வித்தியாசம் தெரியும். சாதாரண பல்ப் போட்ட பழைய வகை ஹெட்லைற்றுக்கும், முழுதாக மாற்றவேண்டிய எல்இடி ஹெட்லைற்றுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்குமான தூரம்.

இந்த நாட்டில் கார்களைத் தரம்பிரித்த பொது அட்டவணை எதுவும் வாங்குபவர் கையில் இல்லை. ஆனால் அரை நாளில் சொந்தமாக ஒன்றைத் தயாரிக்கலாம். மனத்தில் வைத்திருக்கும் இரண்டு மூன்று கார்களின் பெயரை எழுதிக்கொண்டு யாழ்ப்பாணத்து உதிரிப்பாகக் கடைகளுக்குப் போகவேண்டும். முன் பம்பர், ஒரு ஹெட்லைற், முன் கண்ணாடி, ஒரு கதவு ஆகிய நான்கின் விலையைக் கேட்கவேண்டும். கையிருப்பில் இருக்கிறதா, கொழும்பிலிருந்து வரவேண்டுமா என்பதையும் கேட்கவேண்டும். அந்தத் தாள், கார் விற்பவர் சொல்லும் எந்தப் புகழ்ச்சியைவிடவும் பெறுமதியானது.

பிறகு துரு. பண்ணைப் பாலத்தால் போகும்போது இருபக்கமும் கடல்; காற்று எழும் நாளில் உப்புத் துவலை கண்ணாடியில் படியும். குறிகட்டுவான் இறங்குதுறையில் காரை விட்டுவிட்டு நெடுந்தீவுக்குப் போய்த் திரும்புபவரின் வண்டி பகல் முழுவதும் அந்தக் காற்றில் நிற்கும். துருவையும் தேய்மானத்தையும் மோட்டார் காப்புறுதி ஏற்பதில்லை. பழைய கார் பார்க்கப் போகிறவர் ஒரு சின்னக் காந்தத்தைச் சட்டைப்பையில் கொண்டுபோகட்டும். சில்லுக்கு மேலுள்ள வளைவிலும் கதவின் அடி ஓரத்திலும் அதை வைத்துப் பார்க்கவேண்டும். தகரம் இருந்தால் ‘டக்’கென்று பிடிக்கும். பட்டி பூசி மூடிய இடத்தில் வழுக்கி விழும்.

இனி, மலிவு என்ற பெயரில் பலர் செய்யும் ஒரு தவறு. இது பலரைச் சுட்டிருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் ரூபாய் விழுந்தது. பாவித்த கார்களின் விலை மளமளவென்று ஏறியது. தனியார் கார் இறக்குமதிக்கு மறுபடி வழி திறந்தது 2025இல். இடையில் பலர் கட்டுப்பணம் கூடுமென்று பயந்து, காப்புறுதிப் பத்திரத்தில் பழைய பெறுமதியையே விட்டுவைத்தார்கள். நாற்பது இலட்சம் பெறும் காரை இருபது இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தால், நிறுவனம் உரிமையாளரை இழப்பில் பாதிக்குப் பாதி பங்காளியாகக் கருதலாம். நான்கு இலட்சம் சேதமென்றால் கைக்கு வருவது இரண்டு இலட்சம். காரின் பெறுமதியைக் குறைத்து மிச்சம் பிடிப்பது உண்மையில் மிச்சமே அல்ல. மிச்சம் பிடிக்க நேர்மையான வழிகள் இருக்கின்றன. சிறு கீறலைக் கைக்காசில் பூசி நோ கிளைம் போனஸைக் காப்பாற்றலாம். ஒவ்வொரு விபத்திலும் முதல் ஒரு தொகையைத் தானே ஏற்க உடன்பட்டுக் கட்டுப்பணத்தைக் குறைக்கலாம். வெள்ளமும் புயலும் பத்திரத்தில் அடங்கும் என்ற வரியை மட்டும் சிக்கனத்துக்காக வெட்டிவிடக்கூடாது. 2008இன் நிஷா புயலைக் கண்ட மண் இது.

நயினை நாகபூசணி அம்மன் கோயிலின் ஆனித் திருவிழாக் காலத்தில் குறிகட்டுவான் வீதி வண்டிகளால் நிறையும். சொந்தப் பாவனைக்கென்று காப்புறுதி செய்த வானில் காசு வாங்கி அடியார்களை ஏற்றுபவர்கள் உண்டு. பிழைப்புக்குத்தான் செய்கிறார்கள். ஆனால் விபத்து நேர்ந்தால், வாடகைக்கு ஓடியதைக் காரணங்காட்டி நிறுவனம் கையை விரிக்கலாம். இருக்கைகளில் இருப்பவர்களை நினைத்தாவது, முன்கூட்டியே வாடகைப் பாவனைக்கு மாற்றிக்கொள்ளவேண்டும்.

விபத்து நடந்த இடத்துக்கு நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் வந்து பார்ப்பது வழக்கம். யாழ்ப்பாண நகரில் அது பெரிய காத்திருப்பல்ல. நெடுந்தீவில் என்றால் அவர் குறிகட்டுவானுக்கு வந்து, படகேறி, ஒரு மணித்தியாலம் கடலில் வரவேண்டும். அங்கே வண்டி வைத்திருப்பவர், படத்தைத் தொலைபேசியில் அனுப்பினால் ஏற்பார்களா என்று பத்திரம் எடுக்கும்போதே கேட்டு வைத்திருக்கவேண்டும்.

இன்னொரு கேள்வி, ஊர்காவற்றுறைக்காரருக்கென்றே உள்ளது. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிச்செல்லும் ‘பாதை’ எனும் மிதவை ஓடுகிறது. தரை வழியே போனால் யாழ்ப்பாணத்தைச் சுற்றவேண்டும். பாதையில் ஏறிய வண்டி அந்த நேரத்தில் வீதியில் இல்லை, கடலில் இருக்கிறது. வீதி, ரயில், உள்நாட்டு நீர்வழி என்று பயண வழிகளைப் பெயர் சொல்லிக் குறிக்கும் வரி சில காப்புறுதிப் பத்திரங்களில் உண்டு. இந்தக் கடல் அவற்றில் எதில் அடங்கும் என்று முகவரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி, பத்திரத்தோடு சேர்த்துக் குத்தி வைக்கவேண்டும்.