அலையாத்திக் காடுகளின் மறுவாழ்வு

(கருத்தரங்கு உரையின் வாசகம்)

ஆராய்ச்சி நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் இயற்கை வள மீட்புப் பணி பெரும்பாலும் இரண்டு எண்களாகச் சுருங்கிவிடுகிறது: எத்தனை ஹெக்டேர், எத்தனை நாற்று. செலவுக் கணக்கை முடிப்பதற்கு இவை போதும். ஆனால், கடலோரச் சேற்றில் ஊன்றிய நாற்று மார்ச் 31ஆம் தேதியை அறியாது. சென்னையில் 1988ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1993 முதல் அலையாத்திக் காடுகளில் மேற்கொண்ட பணியை ஆராய்ந்தால், அந்த எண்களுக்குப் பின்னால் உள்ள உழைப்பு எத்தகையது என்பது விளங்கும்.

பிச்சாவரத்தில் காடு அழிந்ததற்கு விறகு பொறுக்கும் ஏழைகளும் மேய்ச்சல் கால்நடைகளுமே காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. நிறுவனத்தார் கண்ட உண்மை வேறு. ஆங்கிலேயர் ஆட்சியில் தொடங்கி, விடுதலைக்குப் பின்னரும் தொடர்ந்த நிர்வாக முறைப்படி, காடு பல கூறுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கூறும் முறை வைத்து அடியோடு வெட்டப்பட்டது. வெட்டிய இடம் தானே தழைக்கும் என்பது எதிர்பார்ப்பு. நிழல் இழந்த சேற்று நிலம் வெயிலில் காய்ந்தது. ஈரம் வற்றியதும் மண் அமிழ்ந்து, நடுப்பகுதி தொட்டி போலப் பள்ளமாயிற்று. உயர் ஓதத்தின்போது அதனுள் புகுந்த கடல்நீர், ஓதம் தாழ்ந்தபோது வெளியேற வழியின்றித் தேங்கியது. தேங்கிய நீர் ஆவியாக ஆவியாக, உப்பு ஏறிக்கொண்டே போயிற்று. கடல்நீரிலேயே வாழக் கற்ற அலையாத்தி மரங்களும் தாங்க முடியாத உப்பு அது. அத்தகைய நிலத்தில் எத்தனை இலட்சம் நாற்று நட்டாலும் ஒரே முடிவுதான்.

ஆகவே, மீட்புப் பணி மண்வெட்டியிலிருந்து தொடங்கியது. இயற்கையாக ஓடும் ஓடையிலிருந்து சாய்வாக ஒரு முதன்மை வாய்க்கால். அதன் இருபுறமும் மீன்முள் போலப் பிரியும் கிளை வாய்க்கால்கள். அடி குறுகி மேற்புறம் அகன்ற வடிவில் இவை வெட்டப்பட்டன. நாளொன்றுக்கு இருமுறை ஓதநீர் உள்ளே வந்து திரும்பத் தொடங்கியதும், மண்ணில் ஏறியிருந்த உப்பு படிப்படியாகக் கழுவப்பட்டது. வாய்க்கால் கரையின் சரிவில் வெண்கண்டலும் சுரபுன்னையும் நடப்பட்டன. மேட்டில் நட்டால் ஈரம் போதாது, அடியில் நட்டால் மூழ்கிவிடும் என்பதால் சரிவின் நடுப்பகுதி தேர்ந்தெடுக்கப்பட்டது. இதைவிட முக்கியமான வேலை அதன் பிறகுதான். ஓதம் உப்பை மட்டும் கொண்டு போவதில்லை. வண்டலைக் கொண்டு வந்தும் போடுகிறது. தொடக்க ஆண்டுகளில் அதை அகற்றிக்கொண்டே இருந்தாலன்றி வாய்க்கால் தூர்ந்து, நிலம் பழைய தொட்டியாகிவிடும். தூர் வாரும் பணிக்கு ஆண்டறிக்கையில் கவர்ச்சி இல்லை என்பது வேறு விஷயம்.

வாய்க்கால் வெட்டுவதிலும் அதைப் பராமரிப்பதிலும் சுற்றியுள்ள கிராமத்தார் பங்கேற்றனர். வனத்துறையும் கிராமச் சபைகளும் நிறுவனமும் இணைந்து செயற்படும் கூட்டு மேலாண்மை முறை தமிழ்நாட்டோடு நிற்காமல், ஆந்திரப் பிரதேசத்தின் கோதாவரி, கிருஷ்ணா டெல்டாக்களிலும் ஒடிசாவின் மகாநதி டெல்டாவிலும் கைக்கொள்ளப்பட்டது. பிச்சாவரத்தில் கையால் துழாவி இறால் பிடித்து வாழும் இருளர் குடும்பங்களுக்குக் காடு என்பது பிழைப்பு. முன்னர் குற்றம் சாட்டப்பட்ட மக்களே மீட்புக்குத் துணையானது குறிப்பிடத்தக்கது.

இப்பணிக்கும் தட்பவெப்ப நிலை மாற்றத்திற்கும் உள்ள தொடர்பு இன்று வெகுவாகப் பேசப்படுகிறது. அலையாத்திக் காட்டின் சேற்றில் பிராணவாயு குறைவு. ஆதலால் உதிர்ந்த இலையும் வேரும் மெல்லவே மக்கி, கரிப்பொருள் மண்ணில் நீண்டகாலம் தங்குகிறது. ஆயினும், கடலோரத்தில் வாழ்பவருக்கு இதனினும் அணுக்கமானது புயல். 1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறக்குறைய 10,000 பேர் மாண்டனர். கேந்திரபாரா மாவட்டத்தின் கிராமங்களை ஆராய்ந்து சௌதாமினி தாஸும் ஜெஃப்ரி வின்சென்டும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, கடலுக்கும் ஊருக்கும் இடையே அலையாத்திக் காடு அகன்றிருந்த இடங்களில் உயிரிழப்பு குறைவு என்று நிறுவியது. அரசின் முன்னெச்சரிக்கை காடு காத்ததைவிட அதிக உயிர்களைக் காத்தது என்பதையும் அதே ஆய்வு மறைக்காமல் கூறுகிறது. காடு இருக்கிறது என்று புயல் காப்பகத்தைக் கைவிடலாகாது.

1987இல் 4,046 சதுர கிலோமீட்டராக இருந்த நாட்டின் அலையாத்திப் பரப்பு, 2023ஆம் ஆண்டின் வன நிலை அறிக்கைப்படி சுமார் 4,992 சதுர கிலோமீட்டர். எனினும், 2021ஆம் ஆண்டின் அளவோடு ஒப்பிட்டால் ஏழு சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல் குறைவு. 2023 ஜூன் 5ஆம் நாள் மத்திய அரசு தொடங்கிய ‘மிஷ்டி’ திட்டம், 9 மாநிலங்களிலும் 4 யூனியன் பிரதேசங்களிலும் ஐந்தாண்டுகளில் சுமார் 540 சதுர கிலோமீட்டர் பரப்பை இலக்காகக் கொண்டது. இந்த அவையில் திட்ட மதிப்பீடுகளுக்கு ஒப்புதல் வழங்குவோரும் அமர்ந்திருப்பதால் ஒன்றை வெளிப்படையாகக் கூறலாம். நாற்றுக்கும் நடவுக்கூலிக்கும் மட்டும் நிதி ஒதுக்கி, தூர் வாருவதை விட்டுவிடும் மதிப்பீடு முழுமையானதன்று. நட்ட ஆண்டின் எண்ணிக்கையோடு, ஐந்தாம் ஆண்டில் உயிரோடு நிற்கும் மரங்களின் எண்ணிக்கையும் அதே பதிவேட்டில் இடம்பெற வேண்டும்.

ஆராய்ச்சி நிறுவனத்தின் கைக்கு எட்டாதவையும் உண்டு. கடல்மட்டம் உயரும்போது அலையாத்தி மரங்கள் நிலப்பக்கமாக நகர இடம் தேவை. பல டெல்டாக்களில் அந்த இடத்தை இறால் பண்ணைகளும் சாலைகளும் பிடித்துக்கொண்டுள்ளன. பிச்சாவரம், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே உருவான காடு. அணைகளைத் தாண்டி வரும் நன்னீர் குறையக் குறைய, மிகுந்த உப்பைத் தாங்கும் வெண்கண்டல் மட்டுமே பெருகி, பிற இனங்கள் அருகி வருகின்றன. ஓதநீருக்கு வழிவிட மண்வெட்டி போதுமானதாக இருந்தது; ஆற்றுநீரை விடுவிக்கும் மதகுகள் பாசனத் துறையின் பொறுப்பில் உள்ளன. பாசனத்துக்கும் குடிநீருக்கும் நீரைப் பகிரும் கணக்கில் கழிமுகத்திற்கென ஒரு பங்கு எழுதப்படுமா என்பது அத்துறையினர் கூற வேண்டிய விடை.