பல்லும் சொல்லும்: கூச்சம், ஈறு, காரை



மொழியியல் பயின்ற நாம் பல் நோயைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். பல்லுக்கு மருத்துவம் செய்வது பல் மருத்துவரின் பணி. ஆனால் அவர் கருவியைக் கையில் எடுப்பதற்கு முன் ‘என்ன செய்கிறது?’ என்று ஒரு கேள்வி கேட்கிறார். அதற்கு நாம் சொல்லும் விடையிலிருந்தே அவருடைய ஆய்வு தொடங்குகிறது. அந்த விடைக்குரிய சொற்களே இன்றைய உரையின் பொருள்.

முதலில் ‘கூச்சம்’. கூசு என்பது இதன் வினையடி. வெயிலில் கண் கூசுகிறது. தொட்டால் உடல் கூசுகிறது. தவறு செய்ய மனம் கூசுகிறது. குளிர்நீர் பட்டால் பல் கூசுகிறது. புறத்திலிருந்து ஒன்று தாக்க, அதைத் தாங்காமல் உள்ளே ஒடுங்குவதே இந்த வினையின் பொதுப்பொருள். தாக்கியது விலகினால் கூச்சமும் விலகும். ‘வலி’ அத்தகையது அன்று. சங்கத் தமிழில் வலி என்பது வலிமையைக் குறித்தது. உடல் துன்பத்தை ‘நோ’ என்னும் அடியிலிருந்து பிறந்த சொற்கள் குறித்தன. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்து யாழ்ப்பாணக் குடும்பங்களில் இன்றும் பல் ‘நோகிறது’. தமிழகத்திலிருந்து வந்தோர் வழியில் பல் ‘வலிக்கிறது’. எப்படிச் சொன்னாலும் அது கூச்சத்திலிருந்து வேறானது.

இந்த வேறுபாட்டை மருத்துவமும் ஏற்கிறது. பல்லின் எனாமலுக்கு அடியில் டென்டின் என்னும் பகுதி உண்டு. அதில் எண்ணற்ற நுண்குழாய்கள் உள்ளன. அவற்றில் நீர்மம் நிறைந்திருக்கிறது. எனாமல் தேய்ந்தாலும், ஈறு கீழிறங்கி வேர் வெளிப்பட்டாலும் அக்குழாய்களின் வாய் திறந்துகொள்கிறது. அந்நிலையில் ஒரு கரண்டி செண்டோல் பட்டால் உள்ளிருக்கும் நீர்மம் அசைந்து நரம்பைத் தூண்டுகிறது. அதுவே கூச்சம், சில நொடிகளில் அடங்கிவிடும். குளிர்ச்சி நீங்கிய பிறகும் நெடுநேரம் நீடிப்பது, இரவில் உறக்கத்தைக் கெடுப்பது, தானாகவே தோன்றுவது ஆகியவை வலி. பற்சொத்தை நரம்பு வரை சென்றிருக்கலாம் என்பதற்கு அது அடையாளம், காலம் தாழ்த்தலாகாது.

கூச்சத்துக்கு மென்மையான தூரிகை வேண்டும். குறுக்குவாட்டில் அழுத்தித் தேய்ப்பதை விட வேண்டும். கரித்தூளும் உப்புத்தூளும் எனாமலை அராவும். புளிப்பான பானம் அருந்தியவுடன் பல் துலக்காமல் அரைமணி நேரம் பொறுப்பது நன்று. பொட்டாசியம் நைட்ரேட் போன்ற பொருள் சேர்ந்த பற்பசையை நாள்தோறும் பயன்படுத்தினால் சில வாரங்களில் பயன் தெரியும். தெரியாவிட்டால் மருத்துவர் ஃபுளோரைடு பூச்சு இடுவார். விரிசலோ சொத்தையோ இருக்கிறதா என்பதையும் அவர்தாம் பார்த்துச் சொல்ல முடியும்.

அடுத்த சொல் ‘ஈறு’. இலக்கணம் கற்றோர்க்கு ஈறு என்றால் சொல்லின் இறுதி. ‘ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்’ பள்ளியிலேயே நமக்கு அறிமுகம். வாயில் உள்ள ஈறு கெடுவதைத்தான் நாம் கவனிப்பதில்லை. இலங்கைத் தமிழர் இதனை ‘முரசு’ என்பர். முரசு என்று பெயர் பெற்றிருந்தும் இது தன் நோயை அறைந்து சொல்வதில்லை. பல் கூசினால் அன்றே அறிகிறோம். ஈறு நோயோ பெரும்பாலும் வலியின்றியே வளர்கிறது. துலக்கும்போது சிறிது குருதி, வாயில் நாற்றம், ஈற்றில் சிவப்பு, பற்களுக்கிடையே புதிய இடைவெளி ஆகியவையே அதன் குறிகள். புகைப்பவர்க்குக் குருதிக் கசிவுகூடக் குறைந்து, நோய் மறைந்தே இருக்கும். மலேசியாவில் 2010இல் நடத்தப்பட்ட பெரியவர்களுக்கான தேசிய வாய்நல ஆய்வில், 94 விழுக்காட்டினரிடம் ஏதேனும் ஓர் ஈறு நலக்குறை காணப்பட்டது. ஏறத்தாழப் பாதிப்பேரிடம் அது பல்லைத் தாங்கும் எலும்பு வரை சென்றிருந்தது.

மூன்றாம் சொல் ‘காரை’. பல்லின்மேல் படியும் மென்படலத்தை நாள்தோறும் நீக்காவிட்டால், உமிழ்நீரிலுள்ள தாதுக்கள் சேர்ந்து அது இறுகிவிடும். சுவரில் பூசிய காரைபோல் இறுகுவதால் இது பற்காரை. மலாய்க்காரர் இதனைக் ‘காராங் கிகி’ என்பர். காராங் என்றால் பவளப்பாறை. இரு மொழிகளும் ஒரே செய்தியைச் சொல்கின்றன: இது தூரிகையால் போகாது. மருத்துவர் கருவியால் சுரண்டி எடுத்தால்தான் போகும். ஈறு வீங்கிய தொடக்க நிலையில் இவ்வாறு தூய்மை செய்தால் நோய் முழுதும் நீங்கும். எலும்பு கரைந்த பிறகு மேலும் கரையாமல் காக்க முடியுமேயன்றி, இழந்ததைப் பழையபடி பெறுவது அரிது.

காரையை எடுத்தால் பல் ஆடத் தொடங்கும் என்னும் அச்சம் நம்மவரிடையே ஆழமாக இருக்கிறது. உண்மையில் பல்லை ஆட்டுவது எலும்பின் இழப்பு. காரை அதை மூடி மறைத்திருந்தது. எடுத்தபின் வேர் வெளிப்படுவதால் சில நாள் கூச்சம் இருக்கும். அந்தக் கூச்சத்தைப் புதுநோயென்று எண்ணிச் சிகிச்சையைக் கைவிடுவோர் பலர். கூச்சம் வேறு, நோய் வேறு என்று அறிந்தவர் கைவிடமாட்டார். குருதி வரும் இடத்தைத் துலக்காமல் விடுவதும் இத்தகைய பிழையே. அந்த இடத்தில்தான் மெல்லத் துலக்கிப் படலத்தை நீக்க வேண்டும்.

நம் சமூகத்துக்கு இதில் தனிக் கவலை உண்டு. 2019ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வு ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. நீரிழிவு ஈறு நோயை வளர்க்கிறது. ஈறு நோய் குருதிச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதை அரிதாக்குகிறது. ஆதலால் நீரிழிவு உள்ளோர் அதைப் பல் மருத்துவரிடமும் தவறாமல் சொல்ல வேண்டும்.

இனி, அதை எம்மொழியில் சொல்வது? அரசு பல் மருந்தகங்களில் பெரும்பாலும் மலாயில் பேச வேண்டியிருக்கிறது. பாட்டி ‘பல் கூசுகிறது’ என்கிறார்; உடன் சென்ற பெயரன் ‘சாக்கிட் கிகி’ என்கிறான். கூச்சம் அங்கே வலியாகிவிடுகிறது. கூச்சத்துக்கு மலாயில் ‘ஙிலு’ என்னும் தனிச்சொல் இருக்கிறது. ஈற்றைக் குறிக்கும் ‘குசி’ நம் கூசுதலோடு ஒலியளவில் ஒத்திருந்தாலும் அதற்கும் இதற்கும் தொடர்பில்லை, இரண்டையும் குழப்பலாகாது. ஈற்றில் குருதி வந்தால் ‘குசி பெர்டாரா’ என்றும், நீரிழிவைக் ‘கெஞ்சிங் மானிஸ்’ என்றும் சொல்ல வேண்டும். இளையோர் இந்தச் சில சொற்களை இரு மொழியிலும் அறிந்திருந்தால், வீட்டு முதியோர் சொல்வது சிதையாமல் மருத்துவரைச் சென்றடையும்.

மொழியைக் காப்பது என்றால் நூல்களைக் காப்பது மட்டுமன்று. தம் உடலுக்கு நேர்வதைத் தாய்மொழியில் வேறுபடுத்திச் சொல்லத் தெரிந்த ஒருவர், அதைப் பிறமொழியிலும் சரியாகச் சொல்லக் கற்றுக்கொள்வார். இன்றிரவு பல் துலக்கும்போது உமிழ்நீரின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு இருந்தால், வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். மருத்துவரிடம் சென்று அதற்குரிய சொல்லால் சொல்லுங்கள்.