கோணல் கூடமாவது கொடுங்கள்!



நாட்டியம் வளரத் தடை ரசிகர் பஞ்சமா, மேடைப் பஞ்சமா? மேடைப் பஞ்சமே என்று சொல்ல வந்திருக்கிறேன். தஞ்சை மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு நாட்டியம் சொல்லித் தருகிறவள் நான்.

எதிரணி அண்ணன் ஒரு பழமொழி சொன்னார். 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல்னு சொன்னாளாம்.' அண்ணே, கோணல்னு சொல்றதுக்காவது ஒரு கூடம் வேணுமே! எங்க ஊர்ல அது எங்கே இருக்கு? (சிரிப்பு, கைதட்டல்)

"மார்கழியில் சென்னையில் எத்தனை சபா!" என்றார். சென்னை மட்டுமா தமிழ்நாடு? எங்களுக்குக் கிடைப்பது கல்யாண மண்டபம்தான். அதுவும் ஆடியிலும் மார்கழியிலும்தான் காலியாக இருக்கும். கல்யாணத்துக்கு என்ன வாடகையோ, அதே வாடகை அரங்கேற்றத்துக்கும். கல்யாணத்திலாவது மொய் வரும். எங்களுக்கு என்ன வரும்? (சிரிப்பு)

மேடை எப்படி இருக்கும்? பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காருகிற அளவுக்கு இருக்கும். ஓரத்தில் நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், வயலின் உட்கார்ந்துவிட்டால், ஆடுகிற பிள்ளைக்கு மிச்சம் ஒரு பாய் விரிக்கிற இடம்! தரையோ சிமெண்டு, மேலே ஜமக்காளம். அரைமண்டியில் இரண்டு மணி நேரம் தட்டி ஆடுகிற குழந்தை அது. மரப்பலகையாக இருந்தால் அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். சிமெண்டு வாங்காது, முழங்காலுக்கே திருப்பி அனுப்பிவிடும்.

போன வருஷம் என் மாணவி ஒருத்திக்கு அரங்கேற்றம். அப்பா தையல்காரர். சிறுகச் சிறுகச் சேர்த்து மண்டபத்துக்கு முன்பணம் கட்டினார். பத்து நாள் இருக்கும்போது, "பெரிய இடத்துக் கல்யாணம் வந்துடுச்சு" என்று பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளை அழவில்லை. "டீச்சர், எங்கேயாவது ஆடறேன்"னு சொன்னாள். பிள்ளையார் கோயில் வாசலில் பள்ளிக்கூடத்து பெஞ்சுகளைச் சேர்த்துக் கட்டி மேடை போட்டோம். வர்ணத்தின் நடுவில் கால் இடுக்கில் மாட்டி விரலில் ரத்தம். அவள் நிறுத்தவில்லை.

நடுவர் அவர்களே, அன்றைக்குத் தெருவே திரண்டு வந்தது! பால்காரர் வந்தார், பூக்காரம்மா வந்தார், தில்லானா முடிகிறவரை ஒருவர் எழுந்திருக்கவில்லை. ரசிகர் பஞ்சமா இது? (பலத்த கைதட்டல்)

1981-ல் சிதம்பரத்தில் நாட்டியாஞ்சலி தொடங்கினார்கள். மகாசிவராத்திரியை ஒட்டி ஆட இடம் கொடுத்தார்கள். எங்கெங்கிருந்தோ கலைஞர்கள் வந்தார்கள், ஜனங்களும் வந்தார்கள். பிறகு வேறு கோயில்களிலும் தொடங்கினார்கள். ஆனால் அது வருஷத்துக்குச் சில நாள். மற்ற நாளெல்லாம் என் பிள்ளைகள் எங்கே ஆடுவார்கள்?

ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ராஜராஜ சோழன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு 400 ஆடல் மகளிரை வரவழைத்து, ஆளுக்கு ஒரு வீடு கொடுத்தான், கல்வெட்டே சாட்சி. நாங்கள் வீடு கேட்கவில்லை. ஊருக்கு ஒரு பள்ளிக்கூட மேடையில் மரப்பலகை பதித்து, லீவு நாளில் குறைந்த வாடகைக்குக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

மேடை போட்டால் ரசிகர் தானே வருவார். ஆகவே தடை மேடைப் பஞ்சமே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.