மாத்திரையின் தரத்தை யார் சொல்வது?

(நமது அறக்கட்டளையின் மருத்துவ உதவிக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

உதவி கேட்டு வருகிறவர்களை மக்கள் மருந்தகத்துக்கு நாம் அனுப்பும்போதெல்லாம் ஒரு கேள்வி வருகிறது. "பாய், பாதி விலைக்கும் கீழே தருகிறானே, அதில் மருந்து இருக்குமா?" நியாயமான கேள்விதான். பிள்ளைக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் ஆயிற்றே. ஆனால் விடையை விலையிலோ அட்டையின் பளபளப்பிலோ தேட முடியாது.

அமாக்ஸிசிலின் 500 மில்லிகிராம் என்று அச்சிட்டிருந்தால், ஆய்வுக்கூடத்தில் முதலில் அது அமாக்ஸிசிலின்தானா என்று பார்க்கிறார்கள். பிறகு அளவைக் கணக்கிடுகிறார்கள். அளவு சரியாக இருந்தும் மருந்து தேறாமல் போவதுண்டு. உடம்புச் சூடான 37 டிகிரியில் திரவத்தில் போட்டுச் சுழலவிட்டு, குறித்த நேரத்துக்குள் எவ்வளவு கரைந்தது என்று பார்ப்பார்கள். கரையாத மருந்து இரத்தத்தில் சேராது. கைபேசியில் மாத்திரையை டம்ளர் தண்ணீரில் போட்டுக் காட்டுகிறார்களே, அந்தச் சோதனையை நம்பி எதையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். மாத்திரை உடைவது வேறு, மருந்து கரைவது வேறு.

ஜென்டாமைசின் போன்ற சில மருந்துகளைக் கிருமியை வைத்தே சோதிப்பதும் உண்டு. கிருமி வளரும் தட்டில் மருந்தை இட்டால், சுற்றிலும் கிருமி வளராத வட்டம் விழும். வீரியம் தெரிந்த மருந்தின் வட்டத்தோடு அதை ஒப்பிடுவார்கள். 1928இல் லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பூஞ்சையைச் சுற்றிக் கண்டதும் இத்தகைய வெற்றிடத்தைத்தான். 1945இல் நோபல் பரிசு உரையில் அவரே எச்சரித்தார்: அளவு குறைந்தால் கிருமி சாகாமல் மருந்துக்குப் பழகிவிடும். பிறகு நல்ல மருந்தும் கேட்காது.

அதனால் காய்ச்சல் இறங்கவில்லை என்றவுடன் போலி மாத்திரை என்று முடிவு கட்டவும் வேண்டாம். வைரஸ் காய்ச்சலுக்கு எந்த ஆன்டிபயாடிக்கும் கேட்காது. கிருமியே பழகிப்போனதாகவும் இருக்கலாம். அதற்கு மருத்துவர் எழுதும் கல்ச்சர் பரிசோதனை வேறு.

மக்கள் மருந்தகத்துக்கு வரும் தொகுதிகள் அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடங்களில் சோதிக்கப்படுகின்றன. நம் அரசு மருத்துவமனைகளுக்கு வாங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகமும், கம்பெனியின் பெயரை மறைத்து மாதிரிகளை ஆய்வுக்கு அனுப்பி, தேறிய பிறகே விநியோகிக்கிறது. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதந்தோறும் வெளியிடும் தரம் தேறாத மருந்துகளின் பட்டியலிலோ, பெரிய பெயர்களும் வந்ததுண்டு. அவை எங்கள் சரக்கே அல்ல என்று கம்பெனிகள் மறுத்ததும் உண்டு.

நம்மில் பலருக்குத் தெரியாத ஓர் உரிமை இருக்கிறது. 1940ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி, தான் வாங்கிய மருந்தை எவரும் கட்டணம் செலுத்தி அரசு பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். அவர் கையொப்பமிட்ட அறிக்கையைத் தர வேண்டும். இதற்குரிய விண்ணப்பம் படிவம் 14-ஏ. உண்மையான சந்தேகம் இருந்து, கட்ட வசதியில்லாத குடும்பங்களுக்கு அந்தக் கட்டணத்தை அறக்கட்டளை ஏற்கும் என்று முடிவு செய்திருக்கிறோம்.

ஆனால் பில் வேண்டும். பிரிக்காத அட்டைகள் வேண்டும். மீந்த இரண்டு மாத்திரையை வைத்துச் சோதிக்க முடியாது. தொகுதி எண் வேண்டும். வெட்டிக் கொடுத்த அட்டையில் பெரும்பாலும் அது போய்விடுகிறது. இதே காரணத்தால், வீட்டில் மிஞ்சிய ஆன்டிபயாடிக்குகளை ஏழைகளுக்கென்று யார் கொண்டுவந்தாலும் நாம் வாங்கிக்கொள்வதில்லை. நல்ல எண்ணத்தோடுதான் தருகிறீர்கள். இருந்தாலும் கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த மாத்திரை ஈரம் பட்டால் கெடும். சமையற்கட்டில் எத்தனை நாள் கிடந்ததோ, யாருக்குத் தெரியும்? அந்த மருந்தின் சிரப்பைத் தண்ணீர் கலந்தபின் குளிர்பெட்டியில் வைத்து ஏழு நாளில் முடிக்க வேண்டும். மிஞ்சியதை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து வைக்காதீர்கள்.

சந்தேகமுள்ளவர்கள் பில்லையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு அஸருக்குப் பின் அலுவலகத்துக்கு வாருங்கள். விண்ணப்பத்தை நாங்கள் எழுதித் தருகிறோம்.