மாஞ்சோலைக்குப் புறப்படும் முன் பிளக் பாயிண்டைப் பாருங்கள்

(நமது குடியிருப்போர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"எலெக்ட்ரிக் காரில் மாஞ்சோலை போய் வரலாமா?" என்று பலர் கேட்கிறீர்கள். வனத்துறை அனுமதி கிடைத்தால் தாராளமாகப் போகலாம். நெல்லையிலிருந்து போக வர சுமார் 120 கிலோமீட்டர். ஒன்றரை டன் காரை 1,000 மீட்டர் உயரம் தூக்க நாலு யூனிட் சொச்சம் மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். இறங்கும்போது அதில் ஒரு பகுதி பேட்டரிக்கே திரும்பிவிடும். 30 யூனிட் பேட்டரியை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டால் மலைமேல் யார் வீட்டு பிளக்கையும் தேட வேண்டாம்.

ஆக, கவனம் தேவைப்படுவது மலைப்பாதையில் அல்ல, நம் பார்க்கிங்கில்தான்.

15 ஆம்பியர் பிளக்கில் போடும் சார்ஜர் 3,300 வாட் வரை இழுக்கும். அதாவது 14 ஆம்பியருக்கு மேல். கீசர் கால் மணி நேரம் ஓடி நின்றுவிடும். கார் விடிய விடிய ஒன்பது, பத்து மணி நேரம் இழுக்கும். பழைய பாயிண்ட் அதற்குத் தாங்காது.

லோடு மிஞ்சினால் எம்.சி.பி. விழும். ஆனால் பிளக்கின் பிடி தளர்ந்து சூடேறினால் விழாது, ஏனென்றால் அங்கே ஓடும் மின்சாரம் அதே 14 ஆம்பியர்தான். பிளாஸ்டிக் உருகும்வரை யாருக்கும் தெரியாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்த பாயிண்ட் என்றால் உள்ளே துருப்பிடித்திருக்கும். உடனே மாற்றிவிடுங்கள்.

செய்ய வேண்டியவை:

1. உங்கள் மீட்டரிலிருந்து காருக்கென்று தனி லைன் இழுங்கள். குறைந்தது 4 சதுர மி.மீ. செம்பு வயர், 20 ஆம்பியர் எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., சரியான எர்த் வேண்டும். மீட்டர் தூரமாக இருந்தால் இன்னும் தடித்த வயர். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனே செய்யட்டும்.

2. எம்.சி.பி. அடிக்கடி விழுகிறதென்று பெரியதாக மாற்றாதீர்கள். அது வயருக்குக் காவல். காவலை எடுத்துவிட்டால் எரிவது வயர்தான்.

3. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது.

4. முதல் நாள் அரைமணி நேரம் சார்ஜ் போட்டு, சுவிட்சை அணைத்து, பிளக்கின் மேல்பாகத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடென்றால் அந்தப் பாயிண்ட் வேண்டாம்.

5. உங்கள் காரில் வசதி இருந்தால் 10 ஆம்பியருக்குக் குறைத்து வையுங்கள். நேரம் கூடும், ஆனால் வயரில் ஏறும் சூடு ஏறக்குறைய பாதியாகிவிடும்.

கடைசியாக ஒன்று. ஐந்து கார்கள் ஒரே நேரத்தில் சார்ஜ் ஏறினால் 16 கிலோவாட்டைத் தாண்டும். மாலை ஏழு மணிக்கு லிஃப்ட், மோட்டார், ஏசி எல்லாம் ஓடும்போது அதையும் சேர்த்தால் கட்டடமே இருளும். இரவு 11 மணிக்கு மேல் முறைவைத்துப் போடுவோம். கார் வாங்கும் முன்பே சங்கத்திடம் சொல்லுங்கள், கூடுதல் லோடுக்கு மின்வாரியத்தில் சேர்ந்தே விண்ணப்பிக்கலாம்.